இருபத்தேழு டாலர் வெளிச்சம்

முதலில் ஹீட்டரை அணைக்க வேண்டும்.
அது மூச்சு விட்டால் திரை ஆடும்.
திரை ஆடினால் முகத்தில் நிழல் நடக்கும்.
வின்னிபெக்கில், மெக்ஃபிலிப்ஸ் தெருவுக்குப் பின்னால்,
வாடகைக்கு எடுத்த நிலவறையில்
என் ஸ்டூடியோ ஒரு தடவைக்கு
இருபது நிமிடம்தான் திறந்திருக்கும்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அதற்குமேல் குளிர் சுவர் வழியாக வந்து
வரிசையில் நிற்கும்.

பெயின்டர்கள் இரவு வேலைக்குப் பிடிக்கும்
மஞ்சள் ஹாலஜன் விளக்கு ஒன்று, இருபத்தேழு டாலர்.
அதன் முன்னால் குளியலறைத் திரை.
பூப்போடாத வெள்ளைத் திரைக்காக நாலு கடை ஏறினேன்.
மூன்றடி தள்ளித் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் உருகும்.
ஒருமுறை உருகியது.
விளக்கைத் தாங்குவது துடைப்பக் கட்டை,
கட்டையைத் தாங்குவது ஒரு வாளி,
வாளி நிறைய
வாசல் பனிக்குத் தூவும் உப்பு.
ஒற்றைச் சன்னலைப் பீட்சா அட்டையால் மூடியிருக்கிறேன்.
பனியின் நீலமும் விளக்கின் மஞ்சளும்
ஒரே மூக்கின் மேல் சண்டை போடும்.

சந்திரவதனி அக்கா பூட்ஸைக் கழற்றினார்.
தொப்பி, மஃப்ளர், இரண்டு ஸ்வெட்டர்.
கடைசியாக முகம்.

"வீடு விக்கிறன் தம்பி, பஸ் பெஞ்சில போடுற படம்.
சனம் என்ர முகத்தில சாய்ஞ்சிருக்கும்,
அதுக்கு மாசக் காசு நான் கட்டோணும்."
சிரித்தார்.
வலப்பக்கம் சிரித்தது.
இடப்பக்கம்
வேறு யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் ஒரு காலை,
வாய் கொப்பளித்த தண்ணீர் தானாக வழிந்ததாம்.
அன்றிலிருந்து இடக்கண் மூடுவதில்லை,
இரவில் டேப் ஒட்டித் தூங்குகிறார்.
"பேருக்கேத்த மாதிரி இப்ப பாதி நிலா."

ஒரே விளக்கு வைத்திருப்பவன் தொழிலே
மறைப்பதுதான்.
ஒரு முழம் நகர்த்தினால் போதும்,
மூக்கின் நிழல் மறுகன்னத்தை மடித்து
உள்ளே வைத்துவிடும்.
கேட்காமலே வாளியை வலப்பக்கம் இழுத்தேன்.
உப்பு சரசரத்தது.

"எங்க கொண்டு போறீர்?"

பதில் சொல்லாமல்
எதிரே நிறுத்திய வெள்ளை அட்டையைச் சரிசெய்தேன்.
அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"வீடு காட்டேக்க, பேஸ்மென்டில
தண்ணி வந்த சுவரைத்தான் முதல்ல காட்டுவன்.
வாங்கின பிறகு ஆரும் சண்டைக்கு வரேலாது பாரும்.
இஞ்சால வையும்."

வாளி திரும்பி வந்தது.
இடக்கன்னம் முழுவதும் வெளிச்சம்,
ஒளிக்க ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.
வலப்பக்கத்துச் சிரிப்புக்கு
அட்டை திருப்பி அனுப்பியது மட்டும்.

நாற்பத்தொரு படங்கள்.
முடிந்ததும் இரு கைகளையும் விளக்குக்கு நீட்டிக் காய்ந்தார்.
"கொஞ்ச நேரம் நூக்காதையும்" என்றார்.
அணைக்காதே என்பதற்கு அவர் ஊர்ச் சொல்.
சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன்.

இரவு பெரிதாக்கிப் பார்த்தபோது
ஒன்பது படங்களில் வலக்கண் இமைத்திருந்தது.
இடக்கண் ஒன்றிலும் இல்லை.
நீர் கோத்த அந்தக் கருமணியில்
குளியலறைத் திரை ஒரு சன்னல்,
சன்னலோரம் வாஷிங் மெஷின்,
அதன் பக்கத்தில் குல்லாய் போட்டுக் குனிந்த ஒருவன்,
எதையோ ஒளிக்க வந்தவன் போல.

இப்போது பிப்ரவரி. பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
பனி வாரும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போனது
பெஞ்சில் பாதிவரை ஏறியிருக்கிறது.
வலக்கன்னம், சிரிப்பு,
தொலைபேசி எண்ணில் கடைசி நாலு இலக்கம்
எல்லாம் உள்ளே.
மேலே மிச்சம்
இமைக்காத ஒரு கண்.

கையுறையோடு குனிந்து
எண்ணின் மேலிருந்த பனியை மட்டும்
தட்டிவிட்டேன்.